குரைக்கத் தெரியாத டெர்மினல்

டெர்மினலில் மணியடிக்கும் வசதி நேற்று வந்ததல்ல. ஆஸ்கி பட்டியலில் ஏழாம் எண் எந்த எழுத்துக்கும் உரியதில்லை; அது மணிக்கே ஒதுக்கியது. 1963-இல் வந்த டெலிடைப் 33 இயந்திரத்துக்கு அந்த எண் போய்ச் சேர்ந்தால், உள்ளே நிஜமான மணியே அடிக்கும், அறையின் மறுகோடியில் இருப்பவரைக் கூப்பிட. இன்று அதே எண் படும் பாட்டைப் பாருங்கள். பாஷ் ஷெல்லில் காலி வரியில் பேக்ஸ்பேஸை அழுத்தினால் 'டொங்'. டேப் அழுத்தும்போது பொருந்துகிற ஃபைல் பெயர்கள் இரண்டு இருந்தால் 'டொங்'. ஆர்எம் கட்டளையோடு ஆர்எஃப் சேர்த்து ஒரு ஃபோல்டரையே வேரோடு பிடுங்கினாலோ மூச்சுகூட விடாது. சருகு விழுந்தால் குரைத்துவிட்டு, திருடன் வந்தால் வாலாட்டுகிற நாய் இது. வெறுத்துப்போனவர்கள் மணியை ஒரேயடியாக அணைத்துவிடுகிறார்கள். அணைக்கத் தேவையில்லை; எப்போது அடிப்பது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

காரியம் ஒழுங்காக முடிந்தால் வாயைத் திறக்காதே என்பது யூனிக்ஸ் மரபாயிற்றே என்பார்கள். அந்த மரபு பிறந்தபோது டெலிடைப் நொடிக்குப் பத்து எழுத்துதான் அடித்தது. வெட்டிப்பேச்சுக்கு நேரமும் காகிதமும் செலவு. ஒரு ஃபைலைக் காப்பி எடுப்பதற்கு இன்றும் அந்த மௌனம் போதும். நாற்பது நிமிடம் ஓடும் கம்பைலுக்குப் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வைக்கும். பிங் கட்டளை இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. அதில் 'ஏ' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் பதில் வரும்போதெல்லாம் மணியடிக்கும். மேஜைக்கடியில் தவழ்ந்து கேபிளை ஆட்டிப் பார்ப்பவருக்குக் கண் எதற்கு, காது போதும்.

"கம்பைல் செய்யும் மேக் கட்டளையைப் போட்டு, இரட்டை ஆம்பர்சாண்ட் போட்டு, பின்னால் மணியைக் கோத்துவிட்டால் ஆயிற்று" என்பார்கள் விவரமானவர்கள். அங்கேதான் வில்லங்கம். இரட்டை ஆம்பர்சாண்டுக்கு வெற்றி மட்டும்தான் கண்ணில் படும். கம்பைல் மூன்றாம் நிமிடமே குப்புற விழுந்திருந்தாலும் மணி அடிக்காது. இன்னும் ஓடுகிறது என்று நம்பி நாம் காத்திருப்போம். செமிகோலன் போட்டாலோ கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே மேளம். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஷெல்லிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது: பூஜ்யம் என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. அதைப் பார்த்து இரண்டு ஒலியாகப் பிரித்துவிடலாம். அரை நிமிடத்துக்குள் முடிவதற்கு ஒலியே வேண்டாம். எதற்கெடுத்தாலும் அடிக்கும் மணியைக் காது சீக்கிரமே மறந்துவிடும்.

பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொல்லையாகாதா? இயர்போன் இருக்கிறது. காது கேளாதவர்களுக்கு? திரை மின்னும்படி மாற்றிக்கொள்ள முடியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஆட்சேபணை ஒன்று உண்டு: "கம்பைல் ஓடுகிறது" என்ற ஒரே நியாயமான சாக்கில்தான் பலர் டீ குடிக்கப் போகிறார்கள், முடிந்ததும் மணியடித்தால் மேலாளருக்கும் கேட்டுவிடும். இதற்கு மட்டும் என்னிடம் பதிலில்லை. ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.