எரிமலை மடியில் திராட்சை

கேள்வி: நெருப்பைக் கக்கும் மலையில் யாராவது திராட்சை பயிரிடுவார்களா?

பதில்: சிசிலித் தீவின் எட்னாவில் பயிரிடுகிறார்கள்; அதுவும் ஆயிரம் மீட்டர் உயரம் வரை!

19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. எட்னாவின் எரிமலை மணலில் அதன் பாச்சா பலிக்கவில்லை. அதனால் நூறு வயதைத் தாண்டிய கொடிகள், ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே இன்றும் அங்கே காய்க்கின்றன.

அங்கே விளையும் நெரெல்லோ மஸ்கலேஸே திராட்சை தருவது வெளிர்சிவப்பு ஒயின். கரிகான்டே தருவது புளிப்பு தூக்கலான வெள்ளை ஒயின். 1968-லேயே இவற்றுக்குச் சட்டப்படியான வட்டாரத் தகுதி கிடைத்துவிட்டது.

எரிமலைக் குழம்பு ஓடிய காலம் இடத்துக்கு இடம் வேறு. எனவே ‘கொன்ட்ராடா’ எனப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மண், தனிச் சுவை. “பக்கத்துத் தோட்டத்து ஒயினும் என் ஒயினும் ஒன்றா?” என்று எட்னா விவசாயி சண்டைக்கு வந்தால், மண்ணே அவர் கட்சி!