ஈ.சி. போட்டுப் பாத்தானா?

எங்கள் சித்தப்பாவோடு உட்கார்ந்து 'சந்திரமுகி' பார்த்தவர்கள் யாரும் பயந்ததாகச் சரித்திரம் இல்லை. ஊரே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும் பிரபு அந்த வேட்டையபுரம் அரண்மனையை விலைக்கு வாங்குவார் அல்லவா, அந்த இடத்தில் சித்தப்பா முறுக்கைக் கீழே வைத்துவிடுவார். "ஈ.சி. போட்டுப் பாத்தானா?" என்று டிவியிடம் கேட்பார். டிவி பதில் சொல்லாது. "போடலை. கிடந்து சாகட்டும்" என்று முறுக்கை மறுபடி எடுப்பார். அதற்குமேல் சலங்கை ஒலித்தால் என்ன, ஜோதிகா கண்ணை உருட்டினால் என்ன, அவரைப் பொறுத்தவரை அதெல்லாம் வில்லங்கச் சான்று வாங்காத குற்றத்துக்குத் தண்டனை. பக்கத்தில் சித்தி முந்தானையை முகத்தில் போர்த்திக்கொண்டு, "போயிட்டாளா? போயிட்டாளா?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அவ எங்க போவா? அவ வீடுடி அது" என்பார் சித்தப்பா.

சார்பதிவாளர் அலுவலக வாசலில், புங்கமரத்தடியில் தகர மேஜை போட்டு 35 வருஷம் பத்திரம் எழுதியவர் அவர். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. ஓய்வு பெற்ற ஏட்டு மாமா, சினிமா இன்ஸ்பெக்டரின் தோளில் நட்சத்திரம் எண்ணுவார். நர்ஸ் அத்தை, கதாநாயகி உயிர் பிரியும் நேரத்தில் "டிரிப்ஸ் ஏறவே இல்லையே" என்பாள். பேய்ப்படத்துக்கு நிபுணர் என்றால் பூசாரியோ மலையாள மந்திரவாதியோதான் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை, பத்திர எழுத்தர்தான். தமிழ்ப் பேய்ப்படம் என்பது சித்தப்பாவின் அகராதியில் தீராத சொத்துத் தகராறு, அவ்வளவே.

இடைவேளைக்குப் பிறகு வருகிற பிளாஷ்பேக்கை அவர் 'தாய்ப்பத்திரம்' என்றுதான் சொல்வார். "தாய்ப்பத்திரம் வரட்டும், அப்புறம் பேசு" என்று என்னை அடக்குவார். பேய் ஒரு பெண்ணின் உடம்பில் புகுந்தால் அது ஆள்மாறாட்டம். கங்கா சந்திரமுகியாக மாறி நிற்கிற காட்சியில் வீடே உறைந்து போயிருக்க, "பதிவுச் சட்டம் 82-ஆவது பிரிவு. ஏழு வருஷம் உண்டு" என்றார். அவள் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே என்று நான் வாதாடிப் பார்த்தேன். "விட்டா போட்டிருப்பா" என்றார். வாசலில் கம்பளி போர்த்திய கிழட்டு வாட்ச்மேன் வந்து, "இந்த வீட்டுக்குள்ள போகாதீங்க" என்று எச்சரிப்பானே, அவன்மீது மட்டும் சித்தப்பாவுக்குத் தனி மரியாதை. "அனுபவஸ்தன். வாய்மொழிச் சாட்சியம் அது. கேக்க மாட்டானுங்க."

சிரிப்பாக இருந்தாலும் அவரை மறுக்க முடியவில்லை. 'காஞ்சனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை ஒரு எம்.எல்.ஏ. பிடுங்கிக்கொள்கிறான், தட்டிக்கேட்டவர்களைக் கொல்கிறான். சுத்தமான நில அபகரிப்பு வழக்கு. 'அரண்மனை' 2014-இல் தொடங்கியதே பூர்வீகச் சொத்தை விற்க வந்த குடும்பத்தை வைத்துத்தான். 'யாவரும் நலம்' படத்தில் மாதவன் குடும்பம் ஆசையாகக் குடிபோகிற புது அடுக்குமாடி வீட்டின் நம்பர் 13-பி. அந்த மனையில் முன்பு இருந்த வீட்டில் ஒரு குடும்பமே கொல்லப்பட்டிருக்கிறது. "30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டிருந்தா பழைய ஓனர் பேரு வந்திருக்கும். அந்தப் பேரைப் புடிச்சுத் தெருவுல நாலு பேரை விசாரிச்சிருந்தா படமே கிடையாது" என்றார். 'டிமான்ட்டி காலனி' வந்தபோது, அந்தப் பெயரில் சென்னை ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் தப்பு. பேய் யார், எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சென்ட் என்ன விலை போகுது?" என்றார்.

பேயின் பக்கம் நியாயம் பேசுவதிலும் அவர் சளைத்தவர் அல்ல. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, ஒருவருடைய சொத்தில் இன்னொருவர் 12 வருஷம் பகிரங்கமாக, இடைவிடாமல், சொந்தக்காரர் போல இருந்துவிட்டால், பிறகு அவரைக் கிளப்புவது கஷ்டம். எதிரிடை அனுபவ பாத்தியம் என்பார்கள். "நூறு வருஷமா அங்க இருக்கா. ராத்திரி பாடுறா, ஆடுறா, ஊருக்கே தெரியுது. ஒளிஞ்சா இருக்கா? எவனாவது ஒரு நோட்டீஸ் விட்டானா? நேத்து வந்தவன் எலுமிச்சம்பழத்தை அறுத்து வெச்சுட்டு வெளிய போங்கறான். எலுமிச்சம்பழத்துக்குச் சட்டத்துல இடம் ஏதுடா?"

வெள்ளைக்காரப் பேய்களிடமாவது இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்து, 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வின் கதையைச் சொன்னேன். பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன். ஜோனதன் ஹார்க்கர் என்கிற இளம் வக்கீல் ரயிலேறி, வண்டியேறி அந்த மலைக்கோட்டைக்குப் போவதே, டிராகுலா பிரபு லண்டன் பக்கத்தில் வாங்கப்போகிற ஒரு பழைய வீட்டின் கிரய வேலைக்காகத்தான். சித்தப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பத்திரம் எழுதப் போனவனா? நம்மாளுடா!" கழுத்தில் பல் பதிப்பது, சவப்பெட்டி, ஐம்பது பெட்டி மண், எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வக்கீலுக்குப் பயணப்படி கொடுத்தார்களா என்பதிலேயே நின்றுவிட்டார்.

அமெரிக்காவில் அமிட்டிவில் என்ற ஊரில், 1974-இல் ஒரே குடும்பத்தில் ஆறு பேர் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே அந்த வீட்டை 80,000 டாலருக்கு வாங்கி, செத்தவர்களின் மேஜை நாற்காலியோடு குடிபோன குடும்பம், பேய் என்று 28 நாளில் வெளியேறியது. புத்தகம் வந்தது, 1979-இல் படமும் வந்தது. இதைக் கேட்டதும் சித்தப்பா, "விலை கம்மின்னு போயிருப்பானுங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதினார். 'போல்ட்டர்கைஸ்ட்' படத்தில் இடுகாட்டின் கல்லறைக் கற்களை மட்டும் பெயர்த்துவிட்டுப் பிணங்களை அப்படியே விட்டு, மேலே நகர் போட்டு விற்றுவிடுவார்கள். அதற்கு மட்டும் கோபமே வந்துவிட்டது. "மயானப் புறம்போக்குடா அது! அப்ரூவல் எவன் குடுத்தான்?"

நம் பழைய பேய்கள் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் காட்டுகிற பேய்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, பழிவாங்கவும் ஆள் கிடையாது. இருந்ததெல்லாம் பசி. காளியிடம் முறையிட்டு, போர்க்களத்தில் கூழ் சமைத்து, வரிசையில் உட்கார்ந்து குடித்துவிட்டு ஆடின. கிராமத்துப் பேய்களும் புளியமரம், முருங்கைமரம் என்று ஒதுங்கித்தான் இருந்தன. பங்களாவுக்குள் குடிவைத்தது சினிமாதான். சித்தப்பா இதையும் விட்டுவைக்கவில்லை. பழைய கிரயப் பத்திரங்களில் நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று எட்டு போகங்களை வரிசையாக எழுதி, அத்தனையும் வாங்குகிறவருக்கே என்று முடிப்பார்கள். "தரு போச்சுன்னா தருவுல குடியிருக்கிறதும் சேந்துதான் போச்சு. அப்புறம் முருங்கைமரத்துல மோகினின்னு எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அவரை ஆட்டிவைத்த படம் ஒன்றே ஒன்று, 'ஈரம்'. அதில் பட்டா இல்லை, பாகம் இல்லை. செத்துப்போன பெண் தண்ணீராக வருகிறாள். குழாயில், கண்ணாடியில், மழையில். தாய்ப்பத்திரத்துக்காகக் காத்திருந்து பார்த்தார். வந்தது, ஆனால் அதில் சொத்தே இல்லை, ஒரு புருஷனின் சந்தேகம்தான் இருந்தது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. படம் முடிந்ததும் கொல்லைப்பக்கம் போய், ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் துணிபோட்டு இறுக்கிக் கட்டிவிட்டு வந்து படுத்தார்.

எங்கள் பூர்வீக வீடு தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் உயில் எழுதிக்கொடுத்த மகனைப் பெற்றும் தாத்தா உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். பாகப்பிரிவினை வழக்குக்கு இப்போது 22 வயது. முற்றத்தில் எருக்கு, உத்தரத்தில் வெளவால். ராத்திரியில் மச்சில் வெளிச்சம் நடமாடுகிறது, இரும்பு உரசுகிற சத்தம் கேட்கிறது என்று தெருவில் பேச்சு. பந்து உள்ளே விழுந்தால் பையன்கள் புதுப்பந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒருநாள் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தபோது நானே அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். ஜன்னல் ஜன்னலாக நகர்ந்தது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓடவும் தோன்றாமல் நிற்கிறேன், உள்ளேயிருந்து ஓர் இருமல். எனக்குப் பழக்கமான இருமல். கதவு திறந்து, வெள்ளை வேட்டி, கையில் டார்ச், மறு கையில் சாவிக்கொத்தோடு சித்தப்பா வந்தார்.

"எவனாவது பூந்து உக்காந்துட்டா? 12 வருஷம் கண்ணை மூடினா போச்சு. அதான் செவ்வாய், வெள்ளி ஒரு நடை."

"பேய்னு பேசிக்கிறாங்களே, சித்தப்பா."

"பேசட்டுமே. வாட்ச்மேன் சம்பளம் மிச்சம்." பிறகுதான் தெரிந்தது, டீக்கடையில் அந்தக் கதைக்குக் கொலுசுச் சத்தம் சேர்த்துவிட்டதே இவர்தான்.

போன மாதம், கேட்டால் சந்தோஷப்படுவாரே என்று ஒரு வழக்கைச் சொன்னேன். நியூயார்க் பக்கம் நயாக் என்ற ஊரில் ஓர் அம்மாள் தன் வீட்டில் பேய் இருப்பதாக ரீடர்ஸ் டைஜஸ்ட்டிலேயே எழுதியவர். பிறகு அதைச் சொல்லாமல் வெளியூர்க்காரருக்கு விற்கப் பார்த்தார். வாங்க வந்தவர் கோர்ட்டுக்குப் போனார். ஊரறியப் பேய் இருக்கிறது என்று சொன்னவர் இப்போது இல்லை என்று மறுக்க முடியாது, ஆகவே சட்டத்தின் பார்வையில் அந்த வீட்டில் பேய் உண்டு என்று 1991-இல் மேல்முறையீட்டு மன்றம் சொல்லி, வாங்கியவர் விலகிக்கொள்ள வழிவிட்டது.

சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "டேய், நாமளும் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கோமே. நாளைக்குக் கேஸ் முடிஞ்சு விக்கப்போனா?"

மறுநாள் விடிந்ததும் டீக்கடைக்குப் போய், பேயும் இல்லை பிசாசும் இல்லை, ராத்திரியில் போய்வந்தது நான்தான் என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். டீ மாஸ்டர் கிளாஸை நீட்டியபடி, "அதுதான் உங்க வாயால இப்படிச் சொல்ல வெக்குதுங்க, ஐயா" என்றாராம்.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பா வீட்டு வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் இரண்டு பாதியாகக் கிடந்தது. யார் வைத்தது என்று சித்தியைக் கேட்டால், தெரியாது என்கிறாள்.