பம்புசெட்டுத் தாத்தா சொல்லுதேன்

ஏலே பேராண்டி, உன் வண்டி தண்ணி குடிக்குதுன்னு உங்க அம்மா சொன்னா. குடிக்கட்டுமே! மாசச் சம்பளம் வாங்குத புள்ள, ஒரு பாட்டில் கூலன்ட் வாங்கி ஊத்த வக்கத்துப் போச்சா? இந்த வாரம் ஒரு பாட்டில் ஊத்து, வாற வாரம் இன்னொண்ணு ஊத்து. துர்கா பூஜை வந்தா கடைக்காரன் உனக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுப்பான். குனிஞ்சு வண்டிக்கு அடியில மட்டும் பாத்துராத, பேன்ட் மடிப்பு கலைஞ்சிரும்.

கோவில்பட்டிப் பக்கம் கிணத்து மேட்டுல ஆயில் எஞ்சின் ஓட்டுனவன்டே நான். தண்ணியில ஆறுத எஞ்சின் எனக்குப் புதுசா? கிணத்துல இருந்து ஏறுத தண்ணியில கொஞ்சம் பிரிச்சு எஞ்சினைச் சுத்தவிட்டு, சூடா வெளிய விடுவோம். மார்கழியில அதுல குளிக்க வராத ஆளு கிடையாது. அதையே சிறுசாக்கி, 2008ல யமஹாக்காரன் ஆர்15 பைக்குல வச்சான். 2012ல பல்சர் என்எஸ்200, டியூக் 200. 1955ல மதராஸில கடை விரிச்ச நம்ம என்ஃபீல்டுக்காரன் புல்லட்டை அம்புட்டு வருசம் காத்தாட விட்டுட்டு, 2023ல ஹிமாலயன் 450க்குத்தான் தண்ணி வச்சான். எங்க எஞ்சினுக்கும் உன் எஞ்சினுக்கும் ஒரு வித்தியாசம்: எங்களுக்குப் போன தண்ணி போனதுதான், கிணத்துல இன்னும் கிடக்கு. உனக்கு அந்த ஒரு லிட்டர் சொச்சம்தான் திரும்பத் திரும்பச் சுத்துது. அதுல கால் லிட்டர் குறைஞ்சா இந்தக் கல்கத்தா கரியாஹாட் சிக்னல்ல தெரியும். காத்தும் இல்ல, ஓட்டமும் இல்ல, ஃபேன் மட்டும் கதறும்.

எங்க ஒழுகுதுன்னு தேடிக்கிட்டு அலையாத. எப்ப ஒழுகுதுன்னு முதல்ல கேளு.

ராத்திரி நிப்பாட்டி, விடிஞ்சு பாத்தா தரையில நாலு சொட்டு. வண்டி சூடான பிறகு சொட்டைக் காணோம். அப்படின்னா ஹோஸ் கிளாம்ப். ஜனவரியில இங்க அடிக்குத குளிருக்கு ரப்பர் சுருங்கும், பிடி தளர்ந்திரும். சூடேறினா ஊதி அடைச்சுக்கிடும். நீ சாயங்காலம் மெக்கானிக்குகிட்ட கொண்டு போவ, அவர் தேடிப் பாத்துட்டு 'கிச்சு நேய், தாதா', ஒண்ணுமே இல்லம்பார். அவர் மேல குத்தமில்ல. விடியக்காலை எழுந்திரிச்சிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா உனக்கு விடியுறதே ஒன்பது மணிக்குல்லா?

நல்லா ஓடி வந்து நின்ன பிறகு பக்கத்து டியூப்ல கொஞ்சம் வடியுதா? ரிசர்வ் டாங்கில மேல்கோட்டைத் தாண்டி நீ ஊத்தி வச்சிருப்ப. சூடானா தண்ணி பெருகி ரேடியேட்டர்ல இருந்து அந்த டாங்கிக்கு வரும், ஆறினா திரும்ப உறிஞ்சிக்கிடும். அந்தப் போக்குவரத்துக்கு மூடியிலயே ரெண்டு வால்வு இருக்கு. மூடி ரப்பர் வெடிச்சிருந்தா உறிஞ்சாது, டாங்கி நிரம்பி வழிஞ்சுக்கிட்டே இருக்கும். மூடியை மாத்து, போதும்.

எஞ்சின் ஓடுதப்ப பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை வழியாச் சொட்டுனா, அதை அடைச்சிராத! உன்ன மாதிரி கெட்டிக்காரன் எவனோ எம்சீல் வச்சு அடைச்ச கதையும் உண்டு. கம்பெனிக்காரன் வேணும்னே வச்ச ஓட்டைடே அது. பம்பு தண்டுல ரெண்டு சீல்: தண்ணிப் பக்கம் ஒண்ணு, ஆயில் பக்கம் ஒண்ணு. நடுவுல அந்த ஓட்டை. தண்ணி வந்தா முன்னது போச்சு, ஆயில் வந்தா பின்னது. அடைச்சா என்ன ஆகும்? வெளிய வர வழியில்லாத தண்ணி ஆயிலுக்குள்ள போவும். எங்க பம்புசெட்டு கிளாண்டுல கயிறு சுத்தியிருப்போம், அது சொட்டு சொட்டா ஒழுகினாத்தான் தண்டு தேயாது. உன் வண்டியில இருக்கது மெக்கானிக்கல் சீல். அது சொட்டக் கூடாது.

இன்னொண்ணு இருக்கு, சொன்னா உங்க அம்மா பயப்படுவா. தரையில ஒரு சொட்டு இல்ல, ஆனாலும் அளவு குறையுது. ஆயில் பாக்குத கண்ணாடியில லேக் மார்க்கெட் காபி மாதிரி பால் நிறம். சைலன்சர்ல வெள்ளைப் புகை, சூடேறின பிறகும் நிக்காம, இனிச்ச வாசனையோட. ஹெட் கேஸ்கட் போயிட்டு. அதுக்கு நானும் வேண்டாம், நீயும் வேண்டாம். வண்டியை ஓட்டாம, தூக்கிட்டுப் போய் பெரிய மிஸ்திரிகிட்ட விடு.

மத்தபடி ஒழுக்கைக் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் ராக்கெட்டு இல்ல. எஞ்சின் ஆறினதும் கழுவி, நல்லாக் காய வை. கண்ணாடி முன்னால நின்னு கழுத்துல அடிச்சுக்கிடுதியே அந்தப் பவுடரு, அதை எடுத்து ஹோஸ் மூட்டு, பம்பு மூடி, ரேடியேட்டர் ஓரம் எல்லாம் தூவு. அடியில ஒரு வங்காளிப் பேப்பரை விரி. படிக்கத் தெரியாதவனுக்கு அதாவது உபயோகப்படட்டும். ஸ்டாண்டு போட்டு, சூடேற ஓடவிட்டு, டார்ச் அடிச்சுப் பாரு. பவுடர்ல ஈரக் கோடு விழும். கோட்டோட கீழ்முனையப் பாத்துட்டு 'தாத்தா, கண்டுபிடிச்சிட்டேன்'னு குதிக்காத. தண்ணி கீழதான் ஓடும், சாலையில போவும்போது காத்து பின்னால தள்ளும். ஈரத்துல எது உச்சியோ, முன்னால இருக்கோ, அதுதான் ஊத்துக்கண்ணு. பழைய ஒழுக்கா இருந்தா பவுடரும் வேண்டாம். பச்சையோ ரோசோ, காஞ்ச உப்பு மாதிரி பொருக்கு ஒட்டிக்கிடக்கும்.

சூடா இருக்கையில மூடியில கை வைக்காத. இதை நான் சிரிச்சுக்கிட்டுச் சொல்லல. மூடியில 1.1னு போட்டிருப்பான், அம்புட்டு அழுத்தத்துல அடைச்சு வச்சா வெறும் தண்ணியே 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். திறந்த நிமிசம் அழுத்தம் போயிரும், மொத்தமும் கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். அந்த மூஞ்சிக்குப் பொண்ணு பாக்கிறது இப்பவே கஷ்டமா இருக்கு.

'ஒரு நாள் வண்டி இல்லாம முடியாது தாத்தா'ம்ப. இந்த ஊர்ல 1911ல டாலாவுல ஒரு தொட்டியை ஆகாசத்துல தூக்கி நிப்பாட்டினான் வெள்ளைக்காரன், 90 லட்சம் கேலன். உள்ள நாலு அறையா பிரிச்சான். ஒண்ணை மூடிப் பழுது பாக்கலாம், ஊருக்குத் தண்ணி நிக்காது. உன் வண்டியில நாலு அறை கிடையாது ராசா, நிப்பாட்டித்தான் பிரிக்கணும். பாலிகஞ்ச் ஸ்டேஷன்ல சியால்டா லோக்கல் ஏறிப் போ. ஜனத்தோட சேர்ந்து நின்னா கொஞ்சம் உடம்பும் இளைக்கும்.

கிளாம்ப்னா, குழாய் வாயில ஒரு வரப்பு மாதிரி எடுத்திருக்கும், அதைத் தாண்டி உள்ள தள்ளி முடுக்கு. பலசாலின்னு காட்டுறேன்னு முறுக்கினா ரப்பர் அறுந்து போவும். சீல்னா பழைய தண்ணியை இறக்கு. சட்டியில பிடிச்சதும் உடனே மூடி எடுத்து வை: அது எதிலீன் கிளைக்கால், வாய்க்கு இனிக்கும், கிட்னியைத் தின்னுரும். உன் தெருவுல நீயும் பக்கத்து வீட்டு மாஷிமாவும் பிஸ்கட் போட்டு வளக்குதியளே அந்த நாய்க, ஒரே நக்குல போயிரும். தரையில சிந்தினதையும் கழுவிரு. புது சீலை அளவான சாக்கெட் வச்சு நேரா அழுத்து, சாய்ஞ்சா போச்சு. பளபளன்னு இருக்குத முகத்துல விரல் படக் கூடாது. ஓ-ரிங்கும் டிரைன் போல்ட் வாஷரும் புதுசு போடு. நாலு காசு மிச்சம் பிடிக்கிறேன்னு பழசையே திருப்பிப் போடுத புத்தி உனக்கு உங்க அப்பா வழி. குழாய்த் தண்ணி வேண்டாம், உப்புப் படியும். கலந்து வச்ச கூலன்ட், இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர்ல பாதிக்குப் பாதி. மெதுவா ஊத்தி, வண்டியை அங்கயும் இங்கயும் சாய்ச்சு ஆட்டு, காத்து வெளிய வரட்டும். 'ஒழுக்கு நிப்பாட்டி'ன்னு பவுடர் விப்பான், வாங்கிராத. ஓட்டையோட சேர்த்து ரேடியேட்டர் நரம்பையும் அடைச்சிரும்.

சீலை நல்ல கடையில புதுசா வாங்கு. ரேடியேட்டருக்கு முன்னால போடுத கம்பி வலை வேணும்னா மல்லிக் பஜாருக்குப் போவோம். பேரம் நான் பேசுதேன். எனக்கு வங்காளி தெரியாது, அவன் என்ன விலை சொன்னாலும் எனக்குக் கேக்காது.