ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை: ஒரு சட்ட விளக்கம்

'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்ற பழமொழிக்கு இதுவரை யாரும் முறையான உரை எழுதவில்லை. தன் குறை தெரியாதவன் அடுத்தவனைப் பார்த்துச் சிரித்த கதை என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தமிழாசிரியர்கள் அடுத்த பழமொழிக்குப் போய்விடுவார்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளிலும் சுவாமிமலைப் பட்டறைகளிலும் சில காலம் சுற்றியதில் நான் கண்ட பொருள் வேறு. மின்னணுப் பொருள்களில் நச்சுப்பண்டங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் மூன்றாம் இணைப்பில் 6(சி) என்றொரு விதிவிலக்கு இருக்கிறது. அதன் பொழிப்புரைதான் இந்தப் பழமொழி. பொழிப்புரை முதலிலும் மூலம் பிறகும் வந்திருப்பது காலக்கணக்கில் நேர்ந்த சிறு பிசகு.

சட்டத்தை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரோஸ்' என்பார்கள். ரோசமுள்ள சட்டம்தான். 2006 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. காரீயம், பாதரசம், காட்மியம், அறுதிறன் குரோமியம், தீத்தடுப்புக்காகப் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் இரண்டு புரோமின் சேர்மங்கள் என ஆறைத் தடுத்தது. பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கும் நான்கு தாலேட்டுகள் 2019இல் சேர்ந்து பத்தாயின. காட்மியத்துக்கு 0.01 விழுக்காடு, மற்றவற்றுக்கு 0.1 விழுக்காடு வரம்பு. நம் நாட்டு மின்கழிவு விதிகளும் முதல் ஆறுக்கு இதே வரம்பைத்தான் வைத்திருக்கின்றன.

விழுக்காட்டில் சொன்னால் டெல்டாக்காரருக்கு விளங்காது. சிப்பத்தில் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. அதில் 40 கிராம் காரீயம் இருக்கலாம், காட்மியம் 4 கிராம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. சூட்சுமம் அடுத்த வரியில் இருக்கிறது. இந்த வரம்பு சிப்பம் முழுமைக்கும் உரியதல்ல. இயந்திரத்தால் இதற்கு மேல் பிரிக்க முடியாத 'ஒருபடித்தான பொருள்' ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உரியது. சாக்குக்குத் தனிக் கணக்கு, உமிக்குத் தனி, தவிட்டுக்குத் தனி, அரிசிக்குத் தனி. சோற்றுப் பருக்கை அளவுள்ள ஒரு மின்தடையில்கூடப் பீங்கான் வேறு, மேற்பூச்சு வேறு, முனையில் தடவிய உலோகம் வேறு. பூச்சில் காரீயம் மிஞ்சினால் 'மொத்த எடையில் இது எம்மாத்திரம்' என்ற வாதம் எடுபடாது.

ஐரோப்பியர் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை போலும். ராஜராஜன் தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டின் இருபதாம் நாளில், தானும் தமக்கையும் மனைவியரும் பிறரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றையெல்லாம் ஸ்ரீவிமானத்துக் கல்லில் வெட்டச் சொன்னான். அதன்படி பொன்னை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லாலும் நகைகளைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் எடைக்கல்லாலும் நிறுத்தார்கள். அப்படி நிறுக்கும்போது சரடு நீக்கி, சட்டம் நீக்கி, செப்பாணி நீக்கி என்று எதையெதைக் கழித்தார்கள் என்பதும் கல்லில் இருக்கிறது. அரக்கு எடையில் சேர்ந்திருந்தால் அதுவும் சொல்லப்பட்டிருக்கிறது. முத்துகளில் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி என்று வகை பிரித்திருக்கிறார்கள். செப்புத் திருமேனிகளை முழம், விரல், தோரை என்று அளந்து, கனமாக வார்த்ததா என்பதையும் குறித்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு மின்தேக்கித் தொழிற்சாலை வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொருளடக்கச் சான்று இதைவிட நுணுக்கமானதாக எனக்குத் தெரியவில்லை. சான்று இரண்டு மூன்று ஆண்டில் பழசாகிவிடும். கல்வெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி ஆயிரம் ஆண்டாக யாரும் கேட்கவில்லை.

இனி ஈயத்துக்கு வருவோம். சட்டத்தின் முதல் சிக்கல் வேதியியலில் இல்லை, தமிழில் இருக்கிறது. சட்டம் விரட்டுவது காரீயத்தை. அதன் இடத்தில் உட்கார வைத்தது வெள்ளீயத்தை. நமக்கு இரண்டும் ஈயம்தான். முன்பு சர்க்யூட் பலகையில் பற்றவைத்தது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை. 183 பாகை செல்சியஸில் உருகிவிடும். இப்போது 96.5 பங்கு வெள்ளீயம், 3 பங்கு வெள்ளி, அரைப் பங்கு செம்பு. உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். ரேடியோ மெக்கானிக்குகள் இந்தக் கம்பியை அன்றும் இன்றும் 'லெட்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். ஆகவே கடையில் இப்போது லெட் இல்லாத லெட் கிடைக்கிறது.

காரீயத்தை விலக்கி வெள்ளீயத்தை வைக்கும் இந்தக் கொள்கையை டெல்டாவின் அடுக்களை எந்த ஆணையும் இல்லாமலே கடைப்பிடித்தது. ஈயச்செம்பு ரசம் அதன் விளைபொருள். புளிக்கரைசல் காரீயத்தைக் கரைத்து வயிற்றுக்கு அனுப்பிவிடும். வெள்ளீயத்தில் அந்த வம்பு இல்லை. எனவே செம்பு வாங்கும்போதே சோதனை நடக்கும். என் மாமியாருடன் ஒருமுறை கும்பகோணத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எடுத்து வைத்த செம்பை அவர் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் தேய்த்துப் பார்த்தார். கறுப்புக் கோடு விழவில்லை. பிறகு விளிம்பைக் காதருகே கொண்டுபோய் இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்தினார். நறநறவென்று ஒரு சத்தம் வந்தது.

"அழுவுது பாருங்க தம்பி, சுத்த ஈயம்" என்றார் கடைக்காரர் என்னிடம்.

வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளிருக்கும் படிகங்கள் இடம் மாறுவதால் எழும் ஒலி அது. உலோகவியல் நூல்களும் அதை 'வெள்ளீயத்தின் அழுகை' என்றே குறிக்கின்றன. ஐரோப்பிய ஆய்வகங்கள் இதே வேலைக்கு எக்ஸ் கதிர்த் துப்பாக்கி வைத்திருக்கின்றன. மாமியாரின் காது இன்னும் அளவுத்திருத்தத்துக்கு அனுப்பப்படவில்லை.

வெள்ளீயத்துக்கு ஒரு குணக்கேடு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சுத்தமாக விட்டுவைத்தால் அதற்கு மீசை முளைக்கும். மிகையாகச் சொல்லவில்லை, பூச்சிலிருந்து தலைமயிரை விடச் சன்னமான இழைகள் தாமாக வளர்ந்து பக்கத்து முனையைத் தொட்டு மின்னோட்டத்தைக் குறுக்கே இழுத்துவிடும். 1998 மே மாதம் அமெரிக்காவின் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்து அந்த நாட்டுப் பேஜர்களில் பெரும்பாலானவை ஊமையானபோது பழி இந்த மீசை மீதுதான் விழுந்தது. கொஞ்சம் காரீயம் கலந்தால் மீசை அடங்கும் என்பது பழைய அனுபவம். அந்த நாவிதரைத்தான் சட்டம் வேலையை விட்டு நீக்கியது.

இப்போது பித்தளை. 6(சி) சொல்வது இதுதான்: செம்புக் கலவைகளில் 4 விழுக்காடு வரை காரீயம் இருக்கலாம். லேத்தில் கடையும்போது சுருள் சிக்காமல் பொடியாக உதிர அது வேண்டுமாம். இணைப்பிகளின் முனைகள் பல இப்படிப்பட்ட பித்தளையில் கடைந்தவை. ஆகப் பற்றவைக்கும் ஈயத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் காரீயம் இருந்தால் சரக்கு திரும்பி வரும். அருகிலேயே நிற்கும் பித்தளையில் ஆயிரத்துக்கு நாற்பது இருந்தாலும் போகலாம். இந்த நிலையில் பித்தளை இளிக்காமல் என்ன செய்யும்? நீட்டிப்பு கேட்டு உற்பத்தியாளர்கள் மனுப் போடுவதும், நிபுணர் குழு உட்கார்ந்து பார்ப்பதும், முடிவு வரும்வரை பழைய சலுகை தொடர்வதும் நமக்குப் பழகிய காட்சி. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்ற விதியைத் தளர்த்தக் கேட்டு டெல்டாவில் மழைக்குப் பின் இதே நாடகம் நடக்கிறது. ஒரே வேறுபாடு, அங்கே குழு முடிவெடுக்கும்வரை சரக்கு முளைத்துவிடுவதில்லை.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு இந்தச் சட்டத்துக்குள் வருமா என்று ஒரு நண்பர் கேட்டார். எண்ணெயும் திரியும் இருக்கும்வரை வராது. மின்சாரம் இல்லாமல் வேலை நடக்காத பொருளைத்தான் சட்டம் தொடும். அதே விளக்கின் முகங்களில் திரிக்குப் பதில் எல்இடி பொருத்தி வயரை இறக்கிவிட்டால், அன்னம் முதல் அடித்தட்டு வரை அந்த நிமிடமே மின்னணுப் பொருள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐரோப்பிய தேவாலயங்களின் குழாய் ஆர்கன்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டன. குழாய்கள் காரீயமும் வெள்ளீயமும் கலந்தவை; காற்றூதுவது மின்விசிறி. விசிறி இருப்பதால் நூற்றாண்டு பழகிய நாதமே சட்டவிரோதமாகிவிடுமோ என்று ஆர்கன் செய்பவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குழாய் ஆர்கனுக்குப் பெயர் சொல்லி விலக்கு எழுதிச் சேர்த்தார்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு இந்தத் தொல்லை எழவில்லை. ஆச்சா மரத்தை மனிதன் ஊதுகிறான்.

உள்ளூர்ச் சட்டம் ஒன்றும் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் டெல்டாவில் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தோடு செம்பு உருக்காலையையும் தடுக்கிறது. சுவாமிமலையில் தினந்தோறும் மூசையில் செம்பு உருகுகிறது. அப்படியானால்? தாதுவை உருக்கி உலோகம் பிரிப்பது ஒன்று. பிரித்த உலோகத்தை உருக்கி அச்சில் வார்ப்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓரெழுத்து வித்தியாசத்தில் இரு சொற்கள் உண்டு. தமிழ் இரண்டையும் 'உருக்கு' என்று ஒரே கொதியில் போட்டுவிட்டது. காவிரி வண்டல் பூசிய அச்சில் நடராஜர் இறங்குவது இரண்டாவது வகை, தடையில்லை.

கடைசியாக, பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. காங்கோவிலும் அதன் அண்டை நாடுகளிலும் ஆயுதக் குழுக்களுக்குக் காசு போகிறது என்பதால், வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் நான்கின் மூலத்தையும் விசாரித்து அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவில் எழுதியது. கேள்வித்தாள் பெரிய கம்பெனியிலிருந்து சின்னக் கம்பெனிக்கும், அங்கிருந்து அதற்குச் சரக்குப் போடுபவருக்கும், கடைசியில் உலை வைத்திருப்பவர் வரைக்கும் இறங்கும். சோழர் தப்புவார்களா? ராஜேந்திரன் 1025இல் படையெடுத்த கடாரம் வெள்ளீயம் விளையும் மலாய்த் தீபகற்பத்தில் இருக்கிறது. அந்தக் கரையின் கலா என்னும் துறையிலிருந்து வந்ததால்தான் அரபு வணிகர் ஈயத்தைக் 'கலயீ' என்றார்கள், பாத்திரத்துக்குக் கலாய் பூசுவது அதிலிருந்து வந்தது என்று கருதுவோர் உண்டு. படை நடத்திய கரையிலிருந்து ஈயம் வந்திருந்தால் அது மோதல் கனிமமா? இல்லை. பிரிவு 1502 காங்கோவையும் அண்டை நாடுகளையும் மட்டுமே பெயர் சொல்கிறது. கடாரம் பட்டியலில் இல்லை. பழைய பித்தளையை எடைக்கடையில் வாங்கி உருக்கும் பட்டறைகளுக்கும் கவலை வேண்டாம், மறுசுழற்சிச் சரக்குக்கு விலக்குண்டு. பஞ்சலோகம் வார்க்கும் வேளையில் பக்தைகள் காதிலிருந்து கழற்றி மூசைக்குள் இடும் திருகாணியும் மறுசுழற்சிதான். அது யார் வீட்டுச் சீர் என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ள தகராறை அமெரிக்கச் சட்டம் ஆயுத மோதலாகக் கருதுவதில்லை.

வாசகருக்கு ஒரு வார்த்தை. வெள்ளீயம் 232 பாகையில் உருகும். ரசம் இருக்கும்வரை செம்பு நூறு பாகையைத் தாண்டாது; வற்றிவிட்டால் கேஸ் அடுப்பின் மேல் வெள்ளிக் குட்டை ஒன்றுதான் மிஞ்சும். என் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது, 310 கிராம். தண்ணீரை ஊற்றிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.