பிழையான இடத்தில் நின்ற மனிதர்கள்

உதைபந்தாட்டத்தில் ஒருவனைக் கோலுக்கு அனுப்புவது எங்கள் பக்கம் கௌரவமான நியமனம் அல்ல. பரந்தனிலிருந்து மாங்குளம் வரைக்கும், குளத்தில் தண்ணீர் போதாமல் சிறுபோகம் கைவிட்ட வருடங்களில், வயல்தான் மைதானம். அங்கே யாப்பு ஒரு வரி: பந்துக்குச் சொந்தக்காரன் முன்னுக்கு நிற்பான், ஓட ஏலாதவன் கோலுக்குப் போவான். லீவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மச்சானும் கோலுக்குத்தான். பந்து உள்ளே போனால் திட்டு அவனுக்கு, தடுத்தால் புகழ் அடித்தவன் காலைச் சேரும்: “அவன் நேரா அடிச்சவன், இவன் என்ன செய்தவன்?”

இந்தச் சட்டத்தை இந்திய இராணுவமும் கைக்கொண்டது என்பதற்குச் சாட்சி பீற்றர் தங்கராஜ். 1935 டிசம்பரில் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953இல் பட்டாளத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்ரருக்கு ஆடப் போனபோது அவர் முன்வரிசை ஆட்டக்காரர், சென்ரர் போர்வர்ட். கோல் அடிப்பதுதான் தொழில். அங்கே அவரைக் கோல் காக்கச் சொன்னார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பதிவில் இல்லை. பெடியன் ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்தான், கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் அந்த உயரம் வீணாகாது என்று ஒரு அதிகாரி நினைத்திருப்பார். பட்டாளத்தில் “ஏன் சேர்?” என்று கேட்பது வழக்கமில்லை. தங்கராஜ் போய் நின்றார். 1955இலும் 1958இலும் அந்த அணி டுராண்ட் கோப்பையைத் தூக்கியது. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர் என்றும் அவருக்குப் பெயர் வந்தது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஆசியாவில் முதலாவதாக வந்த ஆள் வேறு யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் இவர்கள் எல்லோரும் “அமெச்சூர்” என்பதையும் மறக்கக்கூடாது. காகிதத்தில் ஒருவர் சிப்பாய், ஒருவர் ரயில்வே ஊழியர், பந்து வெறும் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு முடிந்து மிச்சம் நேரமிருந்தால் உத்தியோகம்.

இங்கிலாந்தில் விசயம் தலைகீழ். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் வாரச் சம்பளம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். 1961 தொடக்கத்தில் அந்த வரம்பு ஒழிந்தபோது அது வாரத்துக்கு 20 பவுண்ஸ். இங்கிலாந்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான டொம் பின்னி தண்ணீர்க் குழாய் வேலையைக் கடைசிவரை கைவிடவில்லை. 1952இல் இத்தாலியின் பலேர்மோ கழகம் பத்தாயிரம் பவுண்ஸ் முன்பணம் தருகிறோம் என்று அவரைக் கூப்பிட்டது. பிரெஸ்டன் கழகத்து முதலாளிமார் விடமாட்டோம் என்றார்கள். அவர் திரும்பி வந்து பந்தையும் குழாயையும் கவனித்தார். வெள்ளைக்காரன் தொழில்முறை ஆட்டக்காரனாக இருந்து கூலிவேலை செய்தான். நம்மவன் கூலிவேலைக்காரன் என்ற பெயரில் பந்து ஆடினான். இருவரில் யார் கெட்டிக்காரன் என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

காலணி விவகாரத்துக்கு வருவோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பிரான்ஸிடம் 2–1 தோல்வி. உலகம் முழுக்க வெறுங்காலைப் பற்றியே எழுதியது. கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சாரங்கபாணி ராமன் என்பவர் அடித்த ஒரேயொரு கோல், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல்.

1950இல் பிரேசில் உலகக் கிண்ணத்துக்கு அழைப்பு வந்தது. எதிரணிகள் விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலே தகுதி பெற்றது. பிறகு போகாமலே நின்றுவிட்டது. வெறுங்காலோடு ஆட விடவில்லை என்பதால் போகவில்லை என்பது கர்ணபரம்பரைக் கதை. உலகக் கிண்ணத்தை அன்று அங்கே ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை என்பதுதான் உண்மைக்குக் கிட்ட. இங்கிலாந்தோ மிடுக்காக விமானமேறிப் போய், அமெரிக்காவிடம் 1–0 என்று தோற்றுத் திரும்பியது. போகாதவனுக்கு அந்த வருடம் மானம் மிச்சம். அதை இந்தியா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று செலவழித்தது. அதற்குப் பிறகுதான் காலணி கட்டாயம் என்ற ஞானம் பிறந்தது.

தங்கராஜ் வந்தது காலணிக் காலத்தில். 1956 மெல்போர்ணில் அணி நான்காவது இடம் வந்தது. 1960 றோமில் ஹங்கேரியிடம் 2–1 என்று மட்டுமே தோற்று, பிரான்ஸோடு 1–1 சமன் செய்தது. ஹங்கேரிக்காக அன்று கோல் அடித்தவர்களில் ஒருவர் புளோரியன் ஆல்பர்ட். ஏழு வருடம் கழித்து ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவன் அடித்து உள்ளே போனால் எங்கள் வயல் மைதானத்தில்கூட மன்னிப்பு உண்டு.

இனி ஜகார்த்தா, 1962. ஆசிய விளையாட்டு விழா. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. இப்படியென்றால் இதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக்கூடாது என்று கிளம்பினார் குரு தத் சோந்தி. அந்த விளையாட்டு விழாவைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவரே அவர்தான். நியாயம் அவர் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் நியாயத்தைச் சொல்லிவிட்டு அவர் விமானமேறிவிட்டார். அங்கேயே தங்கி ஆடவேண்டியவர்கள் ஆட்டக்காரர்கள். இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. இந்திய அணி மைதானத்தில் இறங்கினால் ஊளை, தேசிய கீதம் பாடினாலும் ஊளை.

அணியின் நிலையோ ஆஸ்பத்திரி வார்ட்டை வண்டியேற்றிக் கொண்டுவந்தது போல. பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம் அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார், நுரையீரலில் புற்றுநோய். பின்வரிசைத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போட்டிருந்தது. தங்கராஜுக்குக் காய்ச்சல், அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் நின்று சமாளித்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 தோல்வி.

விவரம் தெரிந்த எந்தப் பயிற்றுநரும் தலை உடைந்தவனைப் படுக்கவைப்பான். ரஹீம் வாத்தியார் அவனை முன்வரிசைக்கு அனுப்பினார். தையல் போட்ட தலையோடு சென்ரர் போர்வர்ட்! அரையிறுதியில் தென்வியட்னாமை 3–2 என்று வென்றபோது ஒரு கோல் ஜர்னைலுடையது. இறுதியாட்டம் மறுபடியும் அதே தென்கொரியாவோடு, செப்டெம்பர் 4. பர்மன் அதுவரை பிழையேதும் விடவில்லை. ஆனாலும் காய்ச்சலிலிருந்து எழும்பிய தங்கராஜைக் கோலுக்குப் போ என்றார் வாத்தியார். உயரப் பந்துகளுக்கு உயரமான ஆள் வேண்டும் என்ற கணக்கு. ஆக, கோல் காப்பவன் ஒருகாலத்துச் சென்ரர் போர்வர்ட், சென்ரர் போர்வர்ட் நேற்றுவரை பின்வரிசை, இரண்டு பேரும் நோயாளிகள், அவர்களை நிறுத்தியவர் அவர்களைவிடப் பெரிய நோயாளி.

ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் ஊளையிட, ஒரு மூலையில் மட்டும் இந்தியாவுக்காகக் கைதட்டல் கேட்டது. அது பாகிஸ்தான் ஹொக்கி அணி. அதே விழாவில் ஹொக்கி இறுதியாட்டத்தில் இந்தியாவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள். வென்றவனுக்குத் தாராள மனசு வருவது இயல்புதானே.

பி.கே. பானர்ஜி ஒன்று அடித்தார். அடுத்து தையல் தலையர் ஒன்று அடித்தார். இருபது நிமிடத்துக்குள் 2–0. மிச்ச நேரமெல்லாம் தங்கராஜின் நேரம். முடிவதற்குச் சற்று முன் ஒன்றே ஒன்று உள்ளே போனது. 2–1, தங்கம். அடுத்த வருடம் ஜூனில் ரஹீம் காலமானார். தங்கராஜ் கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடி, 1967இல் அர்ஜுனா விருது வாங்கி, பொக்காரோ உருக்காலையில் பயிற்றுநராகி, 2008இல் மறைந்தார்.

அதன் பிறகு இந்திய உதைபந்தாட்டம் திருந்திவிட்டது. அக்கடமிகள் வந்தன, வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் வந்தார்கள், கோடிக்கணக்கில் லீக் வந்தது. காய்ச்சல்காரனுக்கு ஓய்வு, தலை உடைந்தவனுக்கு ஸ்கான், ஒவ்வொருவனும் அவனவன் இடத்தில். 1970இல் ஒரு வெண்கலம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் பதக்கமே இல்லை. தங்கமா? இன்றுவரை எல்லோரும் மிகச் சரியான இடத்தில் நின்றபடி அதற்காகக் காத்திருக்கிறார்கள்.