ஓட்டுநருக்கும் ஒரு நுழைவுத் தேர்வு

கேள்வி: பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு லைசென்ஸ் இருந்தால் போதாதா?

பதில்: போதாது. எம்.சி.மேத்தா வழக்கில் 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும். சிவப்பு சிக்னலைத் தாண்டி ஆண்டுக்கு 2 முறைக்கு மேல் மாட்டியவர் கூடாது. அதிவேகத்துக்கு ஒரே ஒருமுறை மாட்டியிருந்தாலும் கூடாது. இதையே அப்பாக்களுக்கும் வைத்தால், பைக்கில் வரும் பாதிப் பிள்ளைகள் நடந்துதான் வரணும்!

பள்ளி திறக்கும் முன் நடக்கும் ஆர்.டி.ஓ. பேருந்து ஆய்வில் ஓட்டுநர்களுக்குத் தீயணைப்பானை இயக்கிக் காட்டுகிறார்கள், நல்லது. கூடவே இரண்டு பழக்கங்களையும் சொல்லித்தரலாம். இறங்கிய வாண்டு டயர் ஓரம் பென்சில் பொறுக்குகிறதா என்று பார்த்த பிறகே கியர். வண்டியைப் பூட்டுமுன் கடைசி சீட் வரை ஒரு நடை. அங்கே ஒரு எல்.கே.ஜி. தூங்கிக்கொண்டிருக்கலாம்!