கிலோமீட்டரைக் கேட்காதீங்க, பாதையைக் கேளுங்க

கேள்வி: தேங்காய் லோடு அடிக்க 10 வயது பிக்கப் ஒன்று மலிவாக வருகிறது. மீட்டரில் 80,000தான். வாங்கலாமுங்களா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: மீட்டர் காட்டுவது வண்டி ஓடிய தூரத்தை அல்லங்க, பல நேரம் விற்பவரின் தன்னடக்கத்தை! எவ்வளவு ஓடியது என்பதைவிட எங்கே, எதைச் சுமந்து ஓடியது என்பதே கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் மூட்டையோடு ஏறி இறங்கியிருந்தால் கிளட்ச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். அளவுக்கு மீறிச் செங்கல் சுமந்திருந்தால் ஸ்பிரிங் பட்டை படுத்திருக்கும், சேசிஸில் வெல்டிங் தழும்பு தெரியும். புதுப் பெயிண்ட் நின்று பார்ப்பவரை மயக்கும். குனிந்து பார்ப்பவரிடம் தோற்றுவிடும்.

“உக்கடத்தில் பழைய பாகம் கிடைக்குமே” என்பீர்கள். கிடைக்கும்தான். ஆனால் 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள். “புதுசுக்குத் தவணை கட்ட முடியாதே” என்பதும் நியாயம்தான். அப்படியானால், கட்டாத தவணையில் பாதியை மாதாமாதம் பராமரிப்புக்கு எடுத்து வையுங்கள். ஆர்.சி.யில் பழைய கடன் நீங்கியதா என்றும் பாருங்கள். இல்லையேல் கடன் அவருடையது, தலைவலி உங்களுடையது!